நாற்பத்தொன்றில் முடியும் எண்

ஜூலை 6, ஞாயிறு

பி.பி. 152/98. தூக்கம் சுமார்.

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "ரெண்டு மாசத்துக்குக் குறிச்சிட்டு வாங்க. பி.பி., தூக்கம், சாப்பாட்டுல உப்பு. மனசுல ஓடுறதையும் எழுதினா நல்லது" என்றார். மனதில் ஓடுவதையெல்லாம் எழுத எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது.

வீடு முழுக்கத் தேடியதில் எழுதாத டைரி இது ஒன்றுதான் அகப்பட்டது. அட்டையில் 'ராஜகுரு பேட்டரி & இன்வெர்ட்டர்ஸ், வத்தலக்குண்டு' என்று கொட்டை எழுத்து. கீழே மாப்பிள்ளை கைகூப்பிச் சிரிக்கிறார். ராஜகுரு என் தங்கை வாசுகியின் வீட்டுக்காரர். வருடா வருடம் புத்தாண்டுக்கு டைரி தருவார்.

தனக்கொடி பார்த்துவிட்டு, "இதுலயா பி.பி. எழுதப் போறீங்க? பொருத்தம்தான்" என்றாள். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஜூலை 7, திங்கள்

154/96. டைரிக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டேன். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கை படும் என்பதற்காக.

ஜூலை 8, செவ்வாய்

160/100. கார்டு பில் மெயிலில் வந்தது. காலேஜ் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பாக்கி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வட்டி நூற்றுக்கு மூன்றே முக்கால், அதாவது மாதத்துக்கு. எங்கள் தெருவில் வட்டிக்கு விடும் ஆளே மூன்றோடு நிறுத்திக்கொள்வான். அவனைப் பார்த்தால் ஊரே முகத்தைத் திருப்பும். இவர்களுக்கு ஏசி, கண்ணாடிக் கதவு, சல்யூட் அடிக்க வாட்ச்மேன்.

டாக்டரம்மா இதைப் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். கார்டு என் பெயரில் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நான் ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப் வாத்தியார். சம்பளக் கணக்கோடு கார்டையும் தலையில் கட்டினார்கள். பீரோவிலேயே கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மாப்பிள்ளை வந்து, "மச்சான், கடைக்குச் சரக்கு எடுக்கணும். உங்க கார்டுல தேய்ச்சுக்கிறேன். நாப்பத்தஞ்சு நாளைக்கு வட்டியே கிடையாது, அதுக்குள்ள கட்டிடுறேன்" என்றார். கொடுத்தேன். கேட்டுவிட்ட பிறகு எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

அவர் ஆன்லைனில் எதையாவது வாங்கும்போதெல்லாம் ஓடிபி என் போனுக்கு வந்தது. நான் வகுப்பில் இருப்பேன். அவர் கூப்பிட்டு, "மச்சான், நம்பர் சொல்லுங்க, ஆர்டர் பாதியில நிக்குது" என்பார். ஒரு மாப்பிள்ளை நம்மிடம் நம்பர் கேட்டுக் கையைக் கட்டி நிற்பது நன்றாகவா இருக்கிறது? அதனால் நானே பேங்குக்குப் போய்க் கார்டுக்கான போன் நம்பரை அவருடைய நம்பராக மாற்றிக் கொடுத்தேன். "இது உங்க நம்பர்தானே சார்?" என்று அந்தப் பெண் கேட்டது. ஆமாம் என்றேன்.

அவர் கட்டவில்லை என்று சொல்ல முடியாது. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகை கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்ததைத் தேய்த்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

150/96. எலக்ட்ரிகல் பிரிவு வாத்தியார் ஜெபராஜிடம் பேச்சுவாக்கில், என் நண்பர் ஒருவருக்கு இப்படி என்று சொன்னேன். "உங்க நண்பரை பேங்குக்கு போன் போடச் சொல்லுங்க சார். வட்டியக் குறைன்னு வாயத் திறந்து கேக்கணும். எனக்குக் குறைச்சாங்க. கேக்காதவனுக்குத்தான் மூணே முக்கா" என்றான். 'உங்க நண்பர்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

ஜூலை 11, வெள்ளி

164/102. போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று அலைக்கழித்து, ஒரு புல்லாங்குழலை ஊதவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள்.

"வட்டி ரொம்ப அதிகமா இருக்கும்மா. கொஞ்சம் பாத்துப் போட்டுக்கங்க" என்றேன்.

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க சார்?"

இப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. காய்கறிக்காரியிடம் பேசுகிற மாதிரி, "ரெண்டு வட்டிக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது கேட்டது.

"பாக்கலாம் சார். அதுக்கு முன்னாடி நீங்கதான் பேசுறீங்கன்னு உறுதி செய்யணும். நாப்பத்தொண்ணுல முடியிற உங்க நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கேன். சொல்லுங்க."

நாற்பத்தொன்று மாப்பிள்ளையின் பழைய நம்பர். புத்தாண்டிலிருந்து அவர் புது நம்பரில்தான் பேசுகிறார், பழையதையும் வைத்திருக்கிறார்.

"அந்த போன் வீட்டுல இருக்கும்மா."

"அது வந்தாதான் சார் மேற்கொண்டு பேச முடியும்."

கட் செய்துவிட்டேன். என் கார்டு, என் பெயர், என் கடன். நான்தான் நான் என்று சொல்ல மாப்பிள்ளையிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

158/98. மாப்பிள்ளை வந்தார், தனியாக. வாசுகியின் மகள் யாழினிக்கு ஆவணியில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள், ஆகஸ்ட் 28. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும், அதைச் சொல்ல வந்தார்.

"அம்மா ஒண்ணும் கேக்கல மச்சான். சபையில நாலு பேரு பாக்குற மாதிரி இருந்தாப் போதும்."

ஒன்றும் கேட்காத மாமியார் எவ்வளவு கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். தலைதீபாவளி மோதிரம் அரைப் பவுன் குறைந்ததற்கு வாசுகி ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். மாப்பிள்ளை வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு மாதமும் அவள் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓடிபி விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். 'மாப்பிள்ளை, உங்க பழைய போனுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லிடுங்க.' இவ்வளவுதான். எதற்கு என்று கேட்பார். வட்டி கட்டி மாளவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் கொடுக்க வேண்டியதைக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

"பேட்டரி விற்பனையெல்லாம் எப்படிப் போகுது மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"மழை வந்தா சூடு பிடிக்கும் மச்சான்" என்றார். தனக்கொடி காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜூலை 17, வியாழன்

162/100. அரைநாள் லீவு போட்டு பேங்குக்கே போனேன். நம்பரை எனக்கே திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை. முடியும் என்றார்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் பழைய நம்பருக்கு, 'உங்கள் எண் நீக்கப்படுகிறது' என்று செய்தி போகுமாம்.

"போகாம செய்ய முடியாதா?"

"உங்க நம்பருக்குத்தானே சார் போகுது?" என்றார் அந்த ஆள்.

அந்தச் செய்தியை மாப்பிள்ளை பார்த்தால், 'மச்சானுக்கு எம்மேல நம்பிக்கையில்ல' என்று வாசுகியிடம் ஒரு வார்த்தை சொல்வார். அப்புறம் அவளுக்கு பஸ்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் துவைக்கும்போது தனக்கொடி எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு பயம்.

எனக்கு மாப்பிள்ளையிடம் பயம் கிடையாது. மரியாதை வேறு, பயம் வேறு.

ஜூலை 20, ஞாயிறு

148/94. அப்பளம் தின்றேன். இரண்டு.

ஜூலை 26, சனி

170/104. மெயில் வந்திருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் முப்பத்தெட்டாயிரத்துக்குத் தேய்த்திருக்கிறார். சலவை இயந்திரமாக இருக்கும். தள்ளுபடியில் நாலாயிரம் மிச்சம் பிடித்திருப்பார். அவருக்கு மிச்சம்.

பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், இரும்புத் துண்டை நானே வாங்கி ராவ ஆரம்பித்து, பாதிக்கு மேல் ராவித் தள்ளிவிட்டேன். பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூலை 30, புதன்

166/100. மறுபடியும் போன். இந்தத் தடவை ஒரு பையன், தன்மையாகப் பேசினான். கார்டு நம்பர், பிறந்த தேதி கேட்டுவிட்டு விவரம் மட்டும் சொன்னான்.

"சும்மா வட்டியக் குறைக்க மாட்டாங்க சார். பாக்கி முழுசையும் மூணு வருஷத் தவணையா மாத்திக்கலாம். ஒண்ணேகால் வட்டிதான் வரும். ஆனா கார்டை மூடிடுவோம், அதுக்கப்புறம் தேய்க்க முடியாது. ஆகஸ்ட் பதினாலு வரைக்கும்தான் இந்த வசதி. ஓடிபி சொன்னீங்கன்னா இப்பவே பண்ணிடலாம்."

மூன்றே முக்கால் எங்கே, ஒன்றேகால் எங்கே.

"இதையே மே மாசம் உங்க நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கோமே சார். வேண்டாம்னுட்டீங்க."

"நானா?"

"மேடம் பேசினதா குறிப்பு இருக்கு சார்."

எந்த மேடம்? மாப்பிள்ளையின் கடையில் பில் போட ஒரு பெண் உண்டு, அதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை போனை அதன் கையில் கொடுத்துவைத்திருப்பார். என் கடனுக்கு வேண்டும் வேண்டாம் சொல்ல அதற்கு என்ன வந்தது? அடுத்த தடவை பார்க்கும்போது நாலு வார்த்தை கேட்காமல் விடப் போவதில்லை.

ஆனால் ஒன்று. கார்டை மூடிவிடுவார்கள். மாப்பிள்ளை எங்காவது கடையில் போய் நீட்டுவார், வேலை செய்யாது. நம்பரை மாற்றினாலே பஸ் என்றால் இதற்கு என்ன ஆகும்? மூடாவிட்டால் நான் செத்த பிறகும் இந்தக் கடன் வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

156/98. ஆடிப்பெருக்கு. தனக்கொடி புளிசாதம், தேங்காய்ச்சாதம் கிளறி எடுத்துக்கொள்ள, வாசுகி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். அவர் அம்மா ஹாலில் டி.வி. முன்னால். புது சலவை இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

வாசுகி இளைத்திருக்கிறாள். கழுத்துச் செயின் மட்டும் என்றைக்கும் இல்லாமல் பளபளவென்று இருந்தது. நான் கல்யாணத்துக்குப் போட்ட ஐந்து பவுன். "பாலிஷ் போட்டேன் அண்ணே" என்றாள். தனக்கொடி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுப்படியில் அரிசி டப்பாமேல் பழைய போன் ஒன்று, கண்ணாடி உடைந்தது, கத்திக்கொண்டே இருந்தது. வாசுகி போய் அமுக்கினாள். மறுபடியும் கத்தியது.

"யாரும்மா?"

"லோன் வேணுமான்னு கேக்குறாங்க அண்ணே. இவங்களுக்கு வேற வேலையே இல்ல."

அதை நானும் ஒத்துக்கொண்டேன். இந்த போன்காரர்கள் தொல்லை தாங்க முடியவில்லை. யாழினி என் சட்டைப் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டது. "காது குத்துனா வலிக்குமா மாமா?" என்று கேட்டது. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

168/104. தனக்கொடி பூண்டு உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டா உங்களுக்கு பி.பி. ஏறும். ஆனா மாப்பிள்ளகிட்டப் பேச முடியலன்னா உங்க தங்கச்சிகிட்டப் பேசுங்க. அந்தச் செயினு கவரிங்."

"உனக்கு ரொம்பத் தெரியுமா?"

"கவரிங் போட்டவளுக்குக் கவரிங் தெரியும்."

அவளுடைய செயின் நாலு வருடம் முன் வாசுகி கல்யாணத்துக்காக அடகுக்குப் போனது. மீட்கவில்லை. அதைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறாள் என்று எழுந்து போய்விட்டேன். வாசுகியின் செயின் கவரிங்காக இருக்க வழியில்லை. நானே கடையில் நின்று எடுத்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூக்கம் இல்லை. பி.பி. பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெபராஜின் போனை இரவல் வாங்கியிருந்தேன். "நண்பருக்கா சார்?" என்றான். "எனக்குத்தான்யா" என்றேன். அவன் பிறகு சிரிக்கவில்லை.

அவன் போனில் பேங்க். என் போனில் மாப்பிள்ளையின் பழைய நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். வருவது வரட்டும், 'ஓடிபி ஒண்ணு வரும் சொல்லுங்க மாப்பிள்ளை' என்று கேட்டே விடுவது. பேங்க்காரப் பெண், "அனுப்பிட்டேன் சார், மூணு நிமிஷம்தான் செல்லும்" என்றது. நாற்பத்தொன்றைக் கூப்பிட்டேன். மரியாதை என்று எழுதினேனே, அதெல்லாம் பொய். பயம்தான்.

"அண்ணே" என்றது போன். வாசுகியின் குரல்.

"நீ எப்படிம்மா இந்த போன்ல?"

"புத்தாண்டுலேருந்து எங்கிட்டதான் இருக்கு அண்ணே. பேங்க்காரன் கூப்பிட்டா நான் இல்லன்னு சொல்லுன்னு அவரு குடுத்துட்டாரு. கடையில தேய்க்கிறதுக்கு இது வேணாமாம், ரகசிய நம்பரு இருந்தாப் போதுமாம்." மூச்சு வாங்கினாள். "இப்ப ஒரு நம்பர் வந்துருக்கு. நீயா கேட்ட?"

எனக்கு அரிசி டப்பா ஞாபகம் வந்தது. மேடம் பேசினதாகக் குறிப்பு என்றானே, அதுவும் வந்தது.

"மே மாசம் வேண்டாம்னு சொன்னது நீயா?"

"நான்தான். கார்டை மூடிடுவோம்னாங்க. மூடினா இவரு உன்னத்தான கேப்பாரு. நீ என்ன பதில் சொல்லுவ? அதான் வேண்டாம்னுட்டேன்."

"மாசா மாசம் கட்டினது?"

"செயின அடகு வச்சுத்தான் அண்ணே" என்றாள். கேட்டிருக்கவே வேண்டாம். தனக்கொடி சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். நான் இவளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்க, இவள் எனக்காகக் கழுத்தைக் காலி பண்ணியிருக்கிறாள். நடுவில் ஒரு மனிதர் தள்ளுபடியில் சாமான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தக் காதில், "சார், லைன்ல இருக்கீங்களா? ஒரு நிமிஷம்தான் இருக்கு" என்றது பேங்க்.

"வாசுகி, அந்த நம்பரச் சொன்னா கார்டை மூடிடுவாங்கம்மா. வட்டி குறையும். ஆனா மூடிடுவாங்க. யோசிச்சுச் சொல்லு. உனக்கு வேண்டாம்னா நான் விட்டுடுறேன்."

அந்தப் பக்கம் மாமியாரின் டி.வி. சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவை அவள் சாத்துவதும் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு அண்ணே."

"ஆமாம்மா, போட்டிருப்பாங்க."

"எழுதிக்கோ. ஏழு. ரெண்டு. ஒம்போது. ரெண்டு. சைபர். எட்டு."

நான் ஒவ்வொன்றாக ஜெபராஜின் போனில் திருப்பிச் சொன்னேன். பேங்க்காரப் பெண், "நன்றி சார், உறுதியாயிடுச்சு. நாளைக்குள்ள கார்டு மூடப்படும்" என்றது.

வைப்பதற்கு முன் வாசுகி மெல்லக் கேட்டாள்: "சனிக்கிழமை அவங்க அம்மாவக் கூட்டிட்டுக் காதுகுத்துக்கு ஜவுளி எடுக்கப் போறோம் அண்ணே. அதுக்குள்ள மூடிடுவாங்கள்ல?"

ஸ்டோர் ரூமில் அரங்கள் தொங்கும் பலகையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பதை நெருங்கும் ஆள் அழுததை இதில் எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

166/102. மெயில் வந்தது. கார்டு மூடியாயிற்று. வட்டி ஒன்றேகால். தவணை மாதம் பத்தாம் தேதி, மூன்று வருடத்துக்கு. தனக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ரூம்ல இருக்குற மூட்டையெல்லாம் பரண்ல ஏத்திக் குடுங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பகலெல்லாம் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி பஸ்ஸில் வந்தாள், ஒரு பையும் யாழினியும். தனக்கொடி குழந்தையை வாங்கிக்கொண்டு, "வா வாசுகி, தோசை ஊத்துறேன்" என்றாள்.

வாசுகி சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள். "மூணு தடவ தேய்ச்சாரு அண்ணே. கடைக்காரப் பையன் மெஷின மாத்தியெல்லாம் பாத்தான். அவங்க அம்மா கையில பட்டுச்சேல. நான் பக்கத்துலயேதான் நின்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அங்க சேலைய மடிச்சு வைக்கச் சொன்னாரு. வீட்டுக்கு வந்ததும் கேட்டாரு. நம்பரச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன்."

"என் பேரச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுக்கு? நான்தான சொன்னேன்."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசியதை அவள் சொன்னாள். அதை இதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசியில் வழக்கம்போல் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். இந்தத் தடவை அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. பாத்திரம் தேய்க்கப் போய், மதினியிடம் திட்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் நாங்கள் நாலு பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசுகியின் பைக்குள் அந்த உடைந்த போன் கத்தியது. எடுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளையின் புது நம்பர்.

அவள் அமுக்கப் போனாள். நான் கையை நீட்டினேன். இட்லி ஒட்டிய கை. அவள் யோசித்தாள், பிறகு கொடுத்தாள்.

"அவ இல்ல, நான் பேசுறேன் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் ஆரம்பித்தார். சபை, மரியாதை, அம்மா பட்ட அவமானம், என்னை எவ்வளவு உயர்வாக நினைத்திருந்தார் என்பது. முன்பெல்லாம் இந்த இடத்தில் நான் எழுந்து நின்றிருப்பேன். தனக்கொடி எனக்கு இன்னொரு இட்லி வைத்தாள். அவர் மூச்சு விடுவதற்காக நிறுத்தினார்.

"மாசா மாசம் பத்தாம் தேதி தவணை மாப்பிள்ளை. பாக்கி மொத்தமும் நீங்க தேய்ச்சது. ஒம்பதாம் தேதி பணம் என் கையில இருக்கணும். வாசுகி செயினையும் நீங்கதான் மீட்டுத் தரணும். காதுகுத்து இருபத்தெட்டாம் தேதி எங்க வீட்டுல நடக்கும், என் மடியிலதான் குத்துவோம். நீங்க அவசியம் வரணும்."

வைத்துவிட்டாரா என்று பார்த்தேன். வைக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் வைக்கவில்லை.

அவர் தருவாரா என்று எனக்குத் தெரியாது. தராவிட்டால் மூன்று வருடமும் நான்தான் கட்ட வேண்டும். தங்கையும் குழந்தையும் பரண் ஏறிய மூட்டைகளுக்கு அடியில் படுத்திருக்க வேண்டும்.

பி.பி. பார்க்க மறந்துவிட்டேன்.